இன்றைக்குத் தொழில் உண்டா?

குப்பம்
8 ஜூன் 2025

மாளவிகா,

நலமா? போனில் கேட்டால் "அண்ணி, மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். அதனால் மெயில் எழுதுகிறேன். உன் அண்ணன் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். "பீர்க்கன்கரணை இன்னா துபாயா? கடுதாசி எழுதிகினு கீறே?" என்கிறார். நீ இங்கே வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தால் துபாய்க்காரர்களே பரவாயில்லை. சரி, சண்டை போட எழுதவில்லை. எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும்.

நம் மீனவக் குப்பத்துப் பெண்களுக்காக வாட்ஸ்அப்பில் நான் மீன் ஆர்டர் எடுப்பது உனக்குத் தெரியும். முதலில் அதை என்னிடம் கொடுத்தது கங்கையம்மாள் அக்காதான். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் கூடை சுமந்து பிடித்த வாடிக்கை நம்பர்களை எல்லாம் என் கையில் கொடுத்து, "நீ படிச்சவ, பாத்துக்கோ" என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊரில் பெயர் வண்டலூர்க்காரி. ஆர்டர் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் தீபா ஆனேன். எனக்கு அந்தப் பெயர் வேண்டும், மாளவிகா. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் ஒற்றை ஆளாக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்குப் பதில் அடிப்பதற்குள் இன்னொருத்தி கடைக்குப் போய்விடுகிறாள். பெண்கள் ஒன்றும் சொல்வதில்லை, முகம்தான் சொல்கிறது. அதனால் பதில் சொல்லவும் ஆர்டர் எடுக்கவும் ஒரு ஏஐ ஏஜென்ட் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். தாம்பரம் ஆபீசில் நான் ஜாவாஸ்கிரிப்ட் எழுதியவள்தானே. நீ ஒரு முறை ஸ்டேட்டஸில் போட்டிருந்த, ஏஜென்ட் எழுத உதவும் அந்த ஃப்ரேம்வொர்க்கைத்தான் எடுத்தேன். முதல் கட்டளையிலேயே திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அதை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். நேரம் கிடைத்தால் பார்.

தீபா


பீர்க்கன்கரணை
9 ஜூன் 2025

அன்புள்ள அண்ணி,

துபாய் என்று அண்ணன் சொன்னது சுருக்கென்று இருந்தது. ஆனாலும் சிரித்துவிட்டேன். வருகிறேன், கட்டாயம் வருகிறேன். இந்த ரிலீஸ் முடியட்டும்.

சிவப்பு எழுத்துக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் லேப்டாப்பில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் (Node) மிகப் பழைய பதிப்பு. புதியதைப் போட்டுவிட்டு அதே கட்டளையை மறுபடி அடியுங்கள். பெயர் என்ன, எந்த ஏஐ மாடல், உதாரணம் வேண்டுமா என்று அதுவே கேட்கும். உதாரணம் வேண்டும் என்று சொல்லுங்கள். வானிலை சொல்லும் சின்ன ஏஜென்ட் ஒன்று வரும். அழித்துவிடாதீர்கள், அதைப் பார்த்துத்தான் நம்முடையதை எழுதப்போகிறோம். மாடலுக்கான சாவியைத் தனிக் கோப்பில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

ஏஜென்ட் என்றால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கும் மாடலுக்கு நன்றாகப் பேசத் தெரியும், அவ்வளவுதான். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். பேச்சைத் தாண்டி எதையாவது பார்க்கவோ செய்யவோ வேண்டுமானால் அதற்கு ஒரு டூல் வேண்டும். டூல் என்பது நீங்கள் எழுதும் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன்தான். அது எதற்கு என்று மேலே ஒரு வரி விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்ட் முடிவு செய்யும். அதனால் புரோகிராமை விட அந்த ஒரு வரியைக் கவனமாக எழுதுங்கள்.

கங்கை அக்கா எப்படி இருக்கிறார்? கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாளவிகா


குப்பம்
15 ஜூன் 2025

மாளவிகா,

ஓடிவிட்டது! வானிலை ஏஜென்ட்டை முதலில் ஓட்டிப் பார்த்தேன். "இனிமையான கடற்கரைக் காற்று வீசுகிறது" என்றது. வெளியே மணல் பறந்து உன் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். சரி, அதைப் பற்றி என்ன, பிறகு நம்முடையதை எழுதினேன்.

"நீ குப்பத்துப் பெண்களின் சார்பில் பேசுகிறாய். மரியாதையாக, உற்சாகமாகப் பேசு. யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதே" என்று அறிவுரை எழுதிக் கொடுத்தேன். பார்த்தால் என் வளர்ப்பு அப்படியே இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து ஒருவர் நாட்டுக்கோழி கிடைக்குமா என்று கேட்டார். "நிச்சயமாக! எத்தனை கிலோ வேண்டும்?" என்று கேட்டுவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு நீ சொன்னபடி "இன்றைய மீன்" என்று ஒரு டூல் எழுதினேன். கரையில் படகு வந்ததும் பெண்கள் என்ன மீன் என்று சொல்வார்கள், நான் ஷீட்டில் போடுவேன், டூல் அதைப் படிக்கும். ஷீட்டில் இல்லாத மீன் இல்லவே இல்லை என்று விளக்கத்தில் கண்டிப்பாக எழுதிவிட்டேன். இப்போது கோழி கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சங்கரா வேண்டுமா என்கிறது.

கங்கை அக்காவிடம் காட்டினேன். நீ கேட்டதாகவும் சொன்னேன். "அவ கேக்குறாளா? நேர்ல வந்து கேக்கச் சொல்லு" என்றார். ஏஜென்ட்டிடம் அவரே பேசிப் பார்த்தார். "இது நம்பள மாதிரி பேரம் பேசாது போல கீதே, தோத்துடும்" என்று ஒரே சிரிப்பு.

ஒரு சங்கடம்தான். ஆர்டர் எடுக்க நீ எழுதி அனுப்பிய டூலில் வைத்த காவல் காரணமாக ஒவ்வொரு ஆர்டரும் என் "சரி"க்காகக் காத்து நிற்கிறது. மீன் கழுவுகிற கையோடு போனைத் தொட முடிகிறதா? நான் பார்ப்பதற்குள் பழையபடி ஆள் போய்விடுகிறாள். இதற்கு ஏஜென்ட் எதற்கு? அந்தக் காவலை எடுத்துவிடலாமா?

தீபா


பீர்க்கன்கரணை
21 ஜூன் 2025

அன்புள்ள அண்ணி,

எடுத்துவிடலாம். முதலில் பழகும்வரை இருக்கட்டும் என்றுதான் வைத்தேன். ஆர்டர் டூலில் ஒப்புதல் வேண்டுமா என்று ஒரு வரி இருக்கும். அதில் ட்ரூ என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், போதும். கூடவே டெலிவரிக்கு ஆள் அனுப்பும் டூல் ஒன்றும் எழுதி இணைத்திருக்கிறேன். ஆர்டர் முடிவானதும் அதுவே டெலிவரிக்காரர் பரணிக்குச் செய்தி அனுப்பிவிடும். நீங்கள் நிம்மதியாக மீன் கழுவலாம்.

எடுக்கலாமா என்று எனக்கும் ஒரு நிமிடம் தயக்கம் இருந்தது. என்ன தவறு வரும் என்று யோசித்துப் பார்த்தேன். கோழிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஏஜென்ட் யாரிடம் என்ன பேசுகிறது, எந்த டூலைக் கூப்பிடுகிறது என்பதெல்லாம் லாக் என்ற பதிவேட்டில் ஏறும். அதை இங்கிருந்தே பார்க்க வழி செய்துகொண்டேன். மதியம் சாப்பிடும்போது படிக்கிறேன். இன்றைக்குக் கடம்பா நிறைய, நெத்திலி இல்லை என்று படிக்கும்போது குப்பத்துக்கு வந்துபோன மாதிரி இருக்கிறது.

மாளவிகா


பீர்க்கன்கரணை
29 ஜூன் 2025

அண்ணி!

இன்றைய லாக்கை முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். பிரமாதம்! ஞாயிற்றுக்கிழமை நெரிசல், ஒரு பிழை இல்லை. வஞ்சரம், சங்கரா, கடம்பா என்று தடுமாறாமல் சொல்லியிருக்கிறது. "இன்று காலை எங்கள் கடலில் பிடித்த மீன்" என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறது. ஒரு அம்மா வீட்டில் விருந்தாளி என்றதும் குழம்புக்கு எது, வறுவலுக்கு எது என்று பிரித்துச் சொன்னது பாருங்கள், எனக்குக்கூட அவ்வளவு தெரியாது. பரணிக்கும் இன்னொரு டெலிவரி ஆளுக்கும் செய்தி சரியாகப் போயிருக்கிறது.

நீங்கள் ஒரு தடவைகூடத் தலையிடவில்லை. எங்கள் ஆபீசில் இவ்வளவு சுத்தமாக ஓடினால் கேக் வெட்டுவார்கள். கங்கை அக்காவிடம் சொல்லுங்கள், அவருடைய வாடிக்கையாளர்கள்தான் இன்று அதிகம்.

மகிழ்ச்சியுடன்,
மாளவிகா


குப்பம்
1 ஜூலை 2025

மாளவிகா,

கங்கையம்மாள் அக்கா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. நான் முதல் நாள் போட்ட பட்டியல் ஷீட்டில் அப்படியே இருந்திருக்கிறது. போன் வீட்டில் இருந்தது. நான் சாவு வீட்டில் இருந்தேன். அக்காவைக் குளிப்பாட்டி வாசலில் கிடத்தியிருந்தபோது பரணியும் இன்னொருவரும் ஐஸ் பெட்டியோடு வந்து, "வஞ்சரம் பார்சல் எந்த வூட்ல எடுக்கணும்?" என்று கேட்டார்கள்.

நீ வருவாய் என்று பார்த்தேன். உன் மெயில்தான் வந்தது.

தீபா


பீர்க்கன்கரணை
2 ஜூலை 2025

அண்ணி,

எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதத் தொடங்கி அழித்தேன். சொல்லியிருப்பார்கள், குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருப்பார்கள். நாள் முழுக்க குட்மார்னிங் படமாக வருகிறது என்று நான்தான் அதிலிருந்து வெளியேறிவிட்டேன்.

எனக்குப் பொறியியல் கல்லூரி கவுன்சிலிங் நடந்த அன்று அப்பா கடலில் இருந்தார். கங்கை அக்காதான் கூடையை வீட்டில் போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினார். அவர் செத்துக் கிடந்த நேரத்தில் நான் உட்கார்ந்து பிழை இல்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஊரில் சாவு விழுந்தால் தொழில் கிடையாது, அடக்கம் முடியும்வரை யாரும் மீனைத் தொட மாட்டார்கள் என்பது நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமா? நான் அங்கே பிறந்தவள். கோடில் அதற்கு இடம் வைக்க வேண்டியது நான்தான். எனக்குத் தோன்றவே இல்லை.

இதைச் சரிசெய்துவிடலாம். விடுமுறை நாள்காட்டி மாதிரி ஒரு டூல் எழுதித் தருகிறேன். தொழில் இல்லாத நாட்களை அதில் குறித்துவிட்டால் ஏஜென்ட் அதைப் பார்த்துக்கொள்ளும்.

மன்னித்துவிடுங்கள்.

மாளவிகா


குப்பம்
6 ஜூலை 2025

மாளவிகா,

சாவுக்கு நாள்காட்டியா? இதைப் படித்துவிட்டு எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விட்டேன். இப்போது ஆறியிருக்கிறது, எழுதுகிறேன்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பெண்கள் கூட்டத்தில் தாயாரம்மாள் அத்தை மட்டும் கேட்டார். நம் தெருவில் அவர் பேச்சுக்குத்தான் எடை என்பது உனக்குத் தெரியும். "கங்கை வாசல்ல கெடக்குறா. உன் மிஷினு யாவாரம் பண்ணிகினு கீது. இன்னா பொண்ணே இது?" என்றார். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது அத்தை என்றேன். "உனக்குத் தெரியாதுதான். நீ வண்டலூர்க்காரி" என்றார். அவ்வளவுதான். மறுநாள் எல்லோரும் அவரவர் வாடிக்கை நம்பரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிறார்கள். என் பெயர் பழைய பெயர் ஆகிவிட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதேன். உன்னிடம்தான் சொல்ல முடிகிறது, உன்மேல்தான் கோபமும் இருக்கிறது.

காவலை எடுக்கச் சொன்னது நான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ எங்கே இருந்தாய்? லாக்கைப் படிப்பது குப்பத்துக்கு வந்ததாகாது மாளவிகா. லாக்கில் ஒப்பாரி கேட்காது.

இந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். கரையில் தினமும் நடப்பதுதான், இத்தனை வருடம் காதில் விழுந்தும் விழாமல் இருந்தது. படகைத் தள்ளுவதற்கு முன்னால் ஒருவன் கேட்கிறான், "இன்னிக்குத் தொழில் உண்டா?" என்று. இன்னொருவன் "உண்டு" என்கிறான். அதன் பிறகுதான் கை வைக்கிறார்கள். கடல் அமைதியாக இருக்கும், எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் கேட்கிறார்கள். யார் வீட்டிலாவது ஏதாவது நடந்திருக்கலாம் இல்லையா? நாம் ஏஜென்ட்டுக்கு "உண்டு" என்றே தொடங்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அது கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்ய இந்த ஃப்ரேம்வொர்க்கில் வழி இருக்கிறதா? இல்லையென்றால் இதோடு விட்டுவிடுகிறேன்.

தீபா


பீர்க்கன்கரணை
8 ஜூலை 2025

அண்ணி,

திட்டியதற்கு நன்றி. உண்மையாகத்தான் சொல்கிறேன். நீங்கள் பதில் எழுதாத நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன.

வழி இருக்கிறது. இதற்கு ஏஜென்ட்டை மட்டும் வைத்து ஓட்டாமல் அதற்கு வெளியே ஒரு வொர்க்ஃப்ளோ எழுத வேண்டும். வேலைகளை வரிசையாகக் கோத்து வைப்பது. அதில் எந்த இடத்திலும் ஓட்டத்தை நிறுத்தி, ஒரு மனிதர் பதில் சொல்லும்வரை காத்திருக்கச் செய்யலாம். நாம் முதல் படியிலேயே நிறுத்துவோம். தினமும் காலையில் அது எழுந்து, "இன்றைக்குத் தொழில் உண்டா?" என்று ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் கேட்கும். உண்டு என்று வந்தால்தான் அன்றைக்கு ஏஜென்ட் வாயைத் திறக்கும். அதற்குப் பிறகு பகலில் ஏதாவது நடந்தாலும் அதே ஆள் "இல்லை" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் எல்லாம் நின்றுவிடும். பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். பதில் வராவிட்டால் இல்லை என்றுதான் பொருள். வாடிக்கையாளர்களிடம் "இன்றைக்குத் தொழில் இல்லை, மன்னிக்கவும்" என்று மட்டும் சொல்லும். காரணம் சொல்லாது. ஊர்க் காரணம் அவர்களுக்கு எதற்கு?

புரோகிராமை இணைத்திருக்கிறேன். பழைய ஷீட் தேதி தாண்டினால் செல்லாது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். யாருடைய நம்பருக்கு அந்தக் கேள்வி போக வேண்டும் என்பது. அதை நான் எழுத முடியாது. எழுதவும் எனக்கு உரிமை இல்லை.

மாளவிகா


குப்பம்
20 ஜூலை 2025

மாளவிகா,

நீ அனுப்பிய புரோகிராமை வைத்துக்கொண்டு பல நாள் சும்மா இருந்தேன். பயம்தான். கடைசியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தாயாரம்மாள் அத்தை வீட்டுக்கே போனேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"யாரு உண்டுன்னு சொல்றது?" என்றார்.

"நீங்கதான் அத்தை."

"அப்போ உன் மிஷினு என்னைக் கேட்டுகினுதான் வாயத் தொறக்கும்?"

"ஆமாம்."

"நான் மறந்துட்டா?"

"நீங்க சொல்ற வரைக்கும் சும்மா கெடக்கும்."

அவர் கருவாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். பிறகு, "இந்த வூட்ல ஒருத்தன்கூட என்னைக் கேட்டுகினு எதுவும் செஞ்சதில்ல" என்று சொல்லிவிட்டுத் தன் போனை நீட்டினார். "நம்பரைப் போட்டுக்கோ" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்பரைத் தப்பாக அடித்து மறுபடி அடித்தேன்.

மறுநாள் காலை கேள்வி போனது. "உண்டு" என்று எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தேன். அவர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்: "உண்டு. நீ சாப்ட்டியா?" நம் வொர்க்ஃப்ளோ திருதிருவென்று விழித்து நின்றுவிட்டது. வாய்ஸை எழுத்தாக்கும் படி ஒன்றை நானே தேடிச் சேர்த்தேன், உன்னைக் கேட்காமலே. இப்போது தினமும் அவர் சாப்பிட்டாயா என்று கேட்பதும், அது நன்றி அம்மா, நீங்கள் சாப்பிட்டீர்களா என்று திருப்பிக் கேட்பதும் நடக்கிறது. அவசியம் இல்லாத பேச்சு என்று நீ வெட்டிவிடாதே.

நம்பர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. நேற்று தாயாரம்மாள் அத்தை தெருக் கோடியில் நின்று, "ஏ தீபா, என் ஆர்டர் இன்னா ஆச்சு?" என்று கத்தினார். வேறு யாரையோ என்று நான் மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன்தான், "உன்னைத்தான் கூப்புடுறாங்க" என்றார்.

நீ எப்போது வருகிறாய் என்று நான் இனிமேல் கேட்கப்போவதில்லை.

தீபா


தாம்பரம் – சோழிங்கநல்லூர் பஸ்
3 ஆகஸ்ட் 2025

அண்ணி,

காலையில் லாக்கைத் திறந்தேன். "இன்றைக்குத் தொழில் உண்டா?" என்ற கேள்விக்கு அத்தை "இல்லை" என்று அனுப்பியிருக்கிறார். ஒரே சொல். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். யார் என்று தெரிந்த பிறகுதான் வருவேனா? நான் என்ன விருந்தாளியா?

தாம்பரத்தில் மாலை வாங்கிவிட்டேன். பஸ் மேடவாக்கம் தாண்டிவிட்டது. யாராக இருந்தாலும் நான் வரும்வரை எடுத்துவிடாதீர்கள்.

மாளவிகா


குப்பம்
3 ஆகஸ்ட் 2025

மாளவிகா,

அழுதுகொண்டிருந்தால் முதலில் நிறுத்து. யாரும் சாகவில்லை. இன்றைக்கு ஆடி ஞாயிறு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம். அதனால் தொழில் இல்லை. எல்லோரும் கோயிலில் இருக்கிறோம், ஒலிபெருக்கிச் சத்தத்தில் போன் யாருக்குக் கேட்கிறது? அத்தை அடுப்பில் கரண்டியோடு நின்றவர், சாப்பிட்டாயா என்று கேட்க நேரம் இல்லையாம்.

உன் மெயிலை நான் சத்தமாகப் படித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பெண்கள் அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கூழுக்கு மாலையோடு வருகிறாளே என்று ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சாவுக்கு என்று வாங்கிய மாலையை ஊருக்குள் கொண்டுவரலாமா, வழியிலேயே போட்டுவிடச் சொல்லலாமா என்று இங்கே பெரிய வழக்கே நடந்தது. தாயாரம்மாள் அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"யாருன்னு கேக்காமயே கெளம்பிட்டாளா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்போ அது யார் பேருக்கும் வாங்குன மாலை இல்ல. அம்மனுக்குப் போடலாம். எடுத்துகினு வரச் சொல்லு."

சோழிங்கநல்லூரில் இறங்கி அங்கேயே நில். உன் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தீபா